எருக்க இலையும் காப்புரிமையும்

சேலம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நம் பக்கத்துக் கொல்லர்கள் அந்தக் காலத்தில் உருக்கு (எஃகு) செய்யும்போது மூசைக்குள் (உலோகம் உருக்கும் மண்கலத்துக்குள்) ஆவாரங்குச்சியும் எருக்க இலையும் வைப்பார்களாமே, அது சடங்குதானே?"

சடங்கில்லை. எருக்கு கிடைக்காத இடத்தில் வேறொரு கொடியின் இலையை வைத்திருக்கிறார்கள். இலை என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவன்தான் மாற்று இலை தேடுவான்.

மழை விட்டதும் சேலத்தை அடுத்த கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு காந்தத்தை மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்புத் தூள் மீசையாக ஒட்டும். அதுதான் தாது. அதைக் கரியோடு உலையிலிட்டால் கிடைப்பது மென்மையான தேனிரும்பு. தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். துருத்தி ஊதி அதை எட்டுவது பெரும்பாடு. இங்கேதான் குச்சி வருகிறது. மூசைக்குள் இரும்புத் துண்டுகளோடு, எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே பச்சை இலை. மூசையின் வாயை அடைத்துக் களிமண் பூச்சு. சூட்டில் குச்சி கரியாகிறது. இலையிலிருந்து கிளம்பும், கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரோகார்பன் வாயு வெளியேற வழியின்றித் துண்டுகளின் இடுக்கெல்லாம் புகுந்து, கார்பனை இரும்பின் மேற்பரப்பில் சேர்க்கிறது. கார்பன் ஒன்றரை சதவீதம் ஏறினால் உருகுநிலை ஏறத்தாழ நூறு டிகிரி இறங்கிவிடும். இரும்பைத் தேடி வெப்பம் ஏறுவதற்குப் பதில், வெப்பத்தைத் தேடி இரும்பு இறங்கி வருகிறது! எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா ஹீத், 1839-இல் ஒரு கட்டுரையில் இதை வியந்தார். இரும்பைக் கார்பனோடு சேர்த்து உருக்க 1800-இல் பிரிட்டனில் டேவிட் மஷெட் என்ற உலோகவியலாளர் காப்புரிமை பெற்றார். கார்பன் வாயுவால் உருக்காக்க 1825-இல் மக்கின்டோஷ் (நனையாத மழைக்கோட்டுக்குப் பெயர் தந்த அதே மக்கின்டோஷ்தான்) பெற்றார். இரண்டு தத்துவங்களும் இந்த ஒரே மூசைக்குள் இருக்கின்றன என்றார் ஹீத். அவர்கள் திருடினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் 'புதியது' என்றால் இங்கிலாந்துக்குப் புதியது; கடல் கடந்து கொண்டுவந்தவரும் கண்டுபிடிப்பாளரே.

அமெரிக்காவிலும் வெகுகாலம், 2013 வரை, பாதி இதே கதை. வெளிநாட்டில் வெறும் புழக்கத்தில் இருந்தது கணக்கில் வரவில்லை. அச்சில் இருக்க வேண்டியிருந்தது. புண்ணுக்கு மஞ்சள் போட 1995-இல் அங்கே தரப்பட்ட காப்புரிமையை, பழைய ஆவணங்களைத் தேடிக் கொடுத்து 1997-இல் இந்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். ரத்து செய்யவைத்தது. 'முன்னோர் அன்றே சொன்னார்கள்' என்று வாட்ஸ்அப்பில் மார்தட்டுகிறவர்கள், அந்தத் தேடலுக்கு ஆன செலவைக் கேட்டால் நகர்ந்துவிடுவார்கள். என் பாட்டி முழங்காலில் அப்பிய மஞ்சள் அன்று அங்கே சாட்சியாகவில்லை; தாள்தான் சாட்சியானது. சேலத்து மூசைக்கு அப்படியொரு தாளை எழுதி வைத்தவரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் முன்னாள் அதிகாரியான அந்த ஹீத்தான்.