நாக்கு துவர்த்தால் பல் பழுக்கும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "குளிர்காலம் வந்தால் நாளைக்கு ஐந்தாறு டீ ஆகிவிடுகிறது. சீசன் முடிவதற்குள் பல் பழுப்பேறிவிடுகிறது. கோடையில் ஐஸ் டீ, கோலா என்று மாறினாலும் விடவில்லை. கறை படியாமல் குடிக்க வழி உண்டா? எலுமிச்சை தேய்த்தால் போகுமா?"

எலுமிச்சை வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், கறை எங்கே உட்காருகிறது என்று பார்த்துவிடலாம். எனக்கு ரொம்பப் பிடித்த கதை அது.

பல்லின் மேல்பூச்சு எனாமல். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள், பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள். ஒளியை ஓரளவு உள்ளே விடும் தன்மை அதற்கு உண்டு. அதனால்தான் அடியில் இருக்கும் டென்டினின் இளமஞ்சள் வெளியே தெரிகிறது. பாடப்புத்தகம் போல் பளிங்கு வெள்ளைப் பல் யாருக்கும் இயற்கையில் கிடையாது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான்.

படிக்காதது ஒன்று உண்டு. நன்றாகப் பல் துலக்கிவிட்டு வாயை மூடுங்கள். சில நொடிகளிலேயே உமிழ்நீரில் உள்ள புரதங்கள் எனாமல் மேல் வந்து ஒட்டத் தொடங்கிவிடும். ஓரிரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆடை தயார். இதைப் பெலிக்கிள் என்கிறார்கள். பாலில் படியும் ஏடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பல மடங்கு மெல்லியது. அமிலத்திலிருந்து பல்லைக் காப்பது இதன் வேலை. ஆனால் டீக்கறைக்கு இடம் கொடுப்பதும் இதேதான்.

இந்த ஆடையில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த சில புரதங்கள் உண்டு. அவற்றின் ஒரு முனையில் மின்னூட்டம் அதிகம், அது எனாமலின் கால்சியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மீதி வால் வாய்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பொதுவாகப் புரதம் என்றால் சுருண்டு மடிந்து, நூல்கண்டு போல் ஆகிவிட வேண்டும். புரோலின் இருக்கும் இடத்தில் அது நடக்காது. புரோலினின் பக்கக்கிளை வளைந்து வந்து சங்கிலியோடேயே ஒட்டி ஒரு வளையமாகிவிடுகிறது, அதனால் சங்கிலி விறைத்துப்போய் மடிய மறுக்கிறது. ஆக, அந்த வால் விரிந்தபடியே, தன் தட்டையான வளையங்களை எல்லாம் வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது.

இப்போது டீ வருகிறது. டீயின் நிறத்துக்கும் துவர்ப்புக்கும் காரணம் பாலிஃபீனால்கள். டானின் என்று பொதுவாகச் சொல்வது இவற்றில் ஒரு பெருங்குடும்பம். இவற்றிலும் தட்டையான வளையங்கள், அதுவும் ஒரு மூலக்கூறில் பல. டானினின் வளையம் புரோலின் வளையத்தின் மேல் தட்டின் மேல் தட்டாக உட்காரும், பக்கத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு வந்து பூட்டுப் போடும். ஒரே டானினுக்குப் பல கைகள் என்பதால் ஒரு புரதத்தோடு நிற்காமல் பக்கத்துப் புரதத்தையும் இழுத்துக் கட்டிவிடும். அவ்வளவுதான், கறை பிடித்துவிட்டது. பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டும் மற்ற மாற்றங்களாலும் அது நாளாக நாளாகக் கருக்கும். நேற்றைய கறையைவிடப் போன மாதத்துக் கறை பிடிவாதமாக இருப்பதன் ரகசியம் இதில் பாதி.

இதே பிணைப்பு உமிழ்நீரில் மிதக்கும் புரோலின் புரதங்களோடும் நடக்கிறது. அவை திரிந்து கட்டியாகிவிட, வாயின் வழுவழுப்பு போய் நாக்கு சொரசொரவென்று வறள்கிறது. அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணினாலும், இனிப்பு, கசப்பு போல அல்லாமல் தொடுவுணர்வுக்கு நெருக்கமானது அது. கடும் டீயைக் குடித்து நாக்கு இழுத்துப்பிடிக்கும் அந்தக் கணத்தில் பல்லின் மேலும் அதேதான் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே எந்தப் பானம் கறையாக்கும் என்று தெரிய நாக்கைக் கேட்டாலே முக்கால்வாசி விடை கிடைத்துவிடும். கோலா பார்க்க டீயைவிடக் கருப்பு, ஆனால் துவர்ப்பில்லை. அதன் கருமை கேரமல் நிறமி, பல்லை அவ்வளவாகப் பற்றாது. சிவப்பு ஒயினோ நிறமியும் டானினும் ஒன்றாகவே வரும் கூட்டணி. காபி மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: அதில் வறுக்கும்போது உண்டாகும் பழுப்புப் பொருள்களும் சேர்ந்து வேலை செய்கின்றன.

டானின் என்ற பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. மரப்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்தால் டானின் போய்த் தோலின் கொலாஜனைக் கட்டிவிடும். கொலாஜனும் புரோலின் மிகுந்த புரதம்தான்! கோப்பை டீயோடு உட்காரும்போதெல்லாம் பல்லின் மேல் ஒரு நூலிழைத் தோலைப் பதனிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

சரி, வழி? பால். பாலில் உள்ள கேசீன் புரதத்திலும் புரோலின் நிறைய, அதுவும் சரியாக மடியாமல் விரிந்தே கிடப்பது. டீயில் பால் விழுந்ததும் டானின்கள் கேசீனோடு கைகோத்துக்கொள்கின்றன. வாய்க்குள் வரும்போது பல்லைப் பிடிக்கக் கை மிச்சமிருப்பதில்லை. பால் டீ துவர்க்காததும் இதனால்தான். டீ பிடிக்கும், கறை பிடிக்காது என்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

எலுமிச்சைக்கு வருவோம். லெமன் டீயில் சாறு விழுந்ததும் நிறம் வெளுக்கும். அமிலத்தில் அந்த நிறமிகள் வெளிறும், அவ்வளவுதான், டானின் எங்கும் போய்விடவில்லை. அமிலத்தை அளக்கும் பிஎச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம். வாயில் அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும், எலுமிச்சைச் சாறோ 2-ஐ ஒட்டி இருப்பது. அதை நேராகப் பல்லில் தேய்த்தால் அன்றைக்குப் பளிச்சென்று தெரியலாம், கறையோடு எனாமலும் கொஞ்சம் போயிருக்கும். மேற்பரப்பு சொரசொரப்பானால் அடுத்த டீக்குக் கொண்டாட்டம். எனாமல் திரும்ப வளராது. புளிப்பான பானம் குடித்த உடனே பிரஷ் எடுப்பதும் இதனால்தான் கூடாது. தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் பொறுத்துத் துலக்குங்கள். கரித்தூள் பேஸ்ட்டுகள் மேலும் எனக்கு நம்பிக்கையில்லை. உரசி எடுக்கும் வேலை அது, உறிஞ்சி எடுப்பதாக விளம்பரம். எச்சில் என்றாலே முகம் சுளிக்கிற நமக்கு, அதிலுள்ள புரதங்களை ஆராய்வது பெருமையான வேலையாகத் தோன்றுவதில்லை. வெண்மை விளம்பரங்களுக்குப் போகும் பணத்தில் ஒரு துளி அங்கே போனால் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

அப்புறம், ஒரு கோப்பையை இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தால், ஒட்டாமல் மிதக்கும் டானின் வயிற்றுக்குப் போய்விடும். குளிர்ந்த பானம் என்றால் ஸ்ட்ரா போடுங்கள், முன்பற்கள் தப்பிக்கும். சூடானதற்கு அது சரிப்படாது.

இரண்டு எச்சரிக்கைகள். ஈறு வைத்தியத்துக்குக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் பயன்படுத்துகிறவர்கள் அந்த நாட்களில் டீ, காபி, ஒயினைக் குறைக்க வேண்டும். அந்த மூலக்கூறுக்கு இரு முனையிலும் நேர்மின்னூட்டம். ஒரு முனை பல்லின் ஆடையைப் பிடித்தால் மறு முனை டீயின் நிறமியைப் பிடித்து நிறுத்தும். இரும்புச்சத்து டானிக்கும் டீயும் அடுத்தடுத்து வேண்டாம். மாசிக்காயின் டானினோடு இரும்பு உப்பைக் கலந்துதான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கறுப்பு மை செய்தார்கள். அதையே வாய்க்குள் செய்து பார்க்க வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும், கீழ்வரிசை முன்பற்களின் பின்பக்கம் மட்டும் பழுப்பாகவே இருக்கும். நாக்கை வைத்துத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தெரியும். நாக்கடி உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அங்கேதான் திறக்கின்றன. வரும் கால்சியம் அங்கேயே படிந்து காரையாகி, காரையின் துளைகளில் டீ இறங்கிவிடுகிறது. அது பிரஷுக்கு மசியாது, பல் மருத்துவர் கருவி கொண்டுதான் பெயர்க்க வேண்டும்.