கிரிமுவார்: இலக்கணத்தில் பிறந்த மாந்திரீகச் சொல்

கற்பனைக் கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் அடிக்கடி தட்டுப்படும் சொல் 'கிரிமுவார்'. தமிழில் பெரும்பாலும் 'மந்திரப் புத்தகம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தவறில்லை, ஆனால் அந்தச் சொல் சுமந்து வரும் வரலாற்றில் பாதிகூட அதில் வருவதில்லை.

ஆவிகளை அழைத்து வேலை வாங்குவது, தாயத்து எழுதுவது, புதையல் இருக்கும் இடம் அறிவது, திருடனைக் கண்டுபிடிப்பது போன்றவற்றுக்குச் செய்முறை சொல்லும் கையேடுதான் கிரிமுவார். ஐரோப்பாவில் இடைக்காலம் தொட்டுக் கைப்பிரதிகளாகவும், பின்னர் மலிவு அச்சுப் புத்தகங்களாகவும் இவை புழங்கின.

சொல் பிரெஞ்சு மொழியுடையது. பழைய பிரெஞ்சில் இலக்கணத்தைக் குறித்த 'கிராமேர்' என்ற சொல்லின் திரிபு. அதற்கும் மூலம் தேடிப் போனால் கிரேக்கத்தில் எழுத்து என்று பொருள்படும் 'கிரம்மா' வந்து நிற்கும். இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம் என்றால் லத்தீன் இலக்கணம்தான். அதைப் படித்தவர்கள் பெரும்பாலும் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஊர்மக்களுக்கு, ஒருவர் புரியாத மொழிப் புத்தகத்தைத் திறந்து முணுமுணுத்தால் அது செபமா மந்திரமா என்று எப்படித் தெரியும்? அப்படித்தான் இலக்கண நூலின் பெயர் மந்திர நூலுக்கு ஒட்டிக்கொண்டது. இன்றும் பிரெஞ்சில் படிக்க முடியாத கிறுக்கலுக்குக் கிரிமுவார் என்றே பெயர். நம் சினிமாப் பேச்சில் கலந்துவிட்ட 'கிளாமர்' இதே குடும்பம். ஸ்காட்லாந்தில் 'கிராமர்' திரிந்து பிறந்த அதன் முதற்பொருள் கண்கட்டு வித்தை.

ஊராரின் சந்தேகம் முழுக்கக் கற்பனையும் அல்ல. இந்த நூல்களை எழுதியும் படியெடுத்தும் வைத்திருந்தவர்களில் பாதிரிமாரும் துறவிகளும் நிறைய உண்டு. லத்தீனும் பேயோட்டும் சடங்கும் தெரிந்த கைகளில்தானே இது வளரும்?

இவற்றில் மிகவும் புகழ்பெற்றது 'சாலமோனின் திறவுகோல்'. கிடைத்துள்ள கைப்பிரதிகளில் பெரும்பாலானவை 16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. சாலமோன் மன்னர் எழுதியது என்பது பெயருக்குப் பெருமை சேர்க்கச் சொன்னது. ஆனால் அவர் பேய்களை அடக்கியவர் என்ற நம்பிக்கை மிகப் பழையது. சாலமோன் விட்டுச்சென்ற மந்திரத்தையும் ஒரு மோதிரத்தையும் கொண்டு எலெயாசர் என்ற யூதர், பின்னாளில் ரோமப் பேரரசரான வெஸ்பாசியன் முன்னிலையில் பேயோட்டியதாக, முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார்.

அந்த நூலைப் புரட்டினால் நாம் எதிர்பார்க்கும் இருட்டு முதலில் கண்ணில் படாது. உபவாசம், குளியல், பாவமன்னிப்பு, மன்றாட்டு என்றுதான் தொடங்கும். கத்தி, பேனா, மை, கன்னித்தோல் (எழுதுவதற்கான இளம் விலங்கின் தோல்) என்று ஒவ்வொரு பொருளையும் எப்படித் தயாரிப்பது என்று பக்கம் பக்கமாகப் போகும். எந்தக் கிரகத்தின் மணிநேரத்தில் எதைச் செய்வது என்பதற்குத் தனிக் கணக்கு. நம் நாட்காட்டியில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று பார்க்கிறோமே, அதே ஓரைதான். கிரகங்களின் வரிசைகூட அதேதான். ஓரைக்கு மூலமான சோதிட 'ஹோரா' கிரேக்கத்திலிருந்து வந்த சொல் என்பதால் இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. கடைசியில் வட்டம் வரைந்து, அதற்குள் நின்று, இறைவனின் பெயர்களைச் சொல்லி ஆவியை வரவழைக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் ஜோஹன் வேயர் கதை. சூனியக்காரிகள் என்று பெண்களைக் கொல்வதை எதிர்த்து 1563-இல் நூல் எழுதிய மருத்துவர் இவர். இந்த மாந்திரீகம் எவ்வளவு அபத்தம் என்று காட்டுவதற்காக, 1577-இல் 69 பேய்களின் பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். 17-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'சாலமோனின் சிறிய திறவுகோல்' நூலில் வரும் 72 பேய்களின் பட்டியல் பெருமளவு அதை ஒட்டியது. மறுக்க எழுதியதே கையேடாகிவிட்டது! 1849-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அச்சான 'மோசேயின் ஆறாம், ஏழாம் நூல்கள்' என்ற மந்திரக் கையேடு கடல் கடந்து அமெரிக்கா, ஜமைக்கா, மேற்கு ஆப்பிரிக்கா வரை போயிற்று.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'மந்திர நூல்' என்றால் பக்தி நூலோடு குழம்பும். திருமந்திரமும் பெயரளவில் மந்திர நூல்தான். 'சூனிய நூல்' என்பது படிக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. காய்ச்சலுக்கு வழி சொல்லும் பக்கமும் இந்தக் கையேடுகளில் உண்டு. என் தேர்வு 'மாந்திரீகச் சுவடி'. மாந்திரீகம் என்றால் செய்தொழில் என்பது தெளிவாகிறது. சுவடி என்னும்போது கையால் படியெடுத்துப் பாதுகாத்த தன்மையும் வந்துவிடுகிறது. நம்மிடமும் வசியம், தம்பனம், உச்சாடனம், மாரணம் முதலிய எட்டு மாந்திரீகச் செயல்களான அட்டகருமம் பேசும் ஏடுகள் இருப்பதால் வாசகருக்கு உடனே பிடிபடும்.

கிரிமுவார்களில் வரும் முக்கியச் செயலுக்கு இன்னும் நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. ஆவியை அழைப்பதற்கான லத்தீன் வினைக்கு அடிப்படைப் பொருள் சத்தியம் செய்வது. இறைவன் பெயரால் ஆவியைக் கட்டுப்படுத்தி, வா என்று உத்தரவிடுவது. தமிழில் 'ஆணை' என்பது கட்டளையும்தான், 'உன்மேல் ஆணை' என்னும் சத்தியமும்தான். தொல்காப்பியமும் 'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி' என்றே மந்திரத்தை வரையறுக்கிறது. ஆகவே வெறுமனே 'ஆவியை அழைத்தல்' என்று எழுதாமல் 'ஆணையிட்டு அழைத்தல்' என்று எழுதுவதே பொருந்தும். 'ஏவல்' இதற்கு அடுத்த கட்டம். வந்த ஆவியை இன்னொருவர்மேல் அனுப்புவது. இரண்டையும் கலக்கக் கூடாது.

'கிராண்ட் கிரிமுவார்' போல நூலின் பெயராக வரும் இடத்தில் மட்டும் மூலச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.