பழைய சீட்டைக் காட்டிச் சொட்டு மருந்து வாங்காதீர்கள்

"போன தடவை நீங்க எழுதிக் கொடுத்த மருந்துதானே டாக்டர் போட்டேன்?" இந்த வாரமும் கேட்டாயிற்று. கேட்டவருக்குக் கருவிழியில் ஹெர்பிஸ் (உதட்டோரம் கொப்புளம் கிளப்பும் வைரஸ்) நோய் திரும்பத் திரும்ப வரும். கண் சிவந்ததும் பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டியிருக்கிறார், கடைக்காரரும் கொடுத்துவிட்டார். அழற்சியை, அதாவது வீக்கத்தையும் சிவப்பையும், அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து.

போன தடவை குணமாக்கிய மருந்து, இந்தத் தடவை ஏன் கெடுத்தது? ஹெர்பிஸ் வைரஸ் கருவிழியை ஒரே மாதிரி தாக்குவதில்லை. சில சமயம் வைரஸே மேல்தோலில் பெருகிப் புண்ணாக்கும். சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கிளை கிளையாகப் பச்சையாய்த் தெரியும். இன்னொரு சமயம் நோய் கருவிழியின் ஆழத்தில் இருக்கும். அங்கே வைரஸை விட, அதை எதிர்த்துக் கிளம்பும் நம் எதிர்ப்புச் சக்திதான் அதிகம் கெடுக்கிறது. கருவிழி வீங்கி மங்கும், ரத்தக்குழாய் ஏறும், கடைசியில் தழும்பு விழும். இந்த அழற்சியை அடக்க ஸ்டீராய்டு வேண்டும், கூடவே வைரஸை அடக்கும் மருந்தும். அதே ஸ்டீராய்டை மேல்தோல் புண்ணுக்குத் தனியாகப் போட்டால், மெல்லிய கிளைப் புண் பரவி அகலமாகிவிடும். கண்ணாடியில் பார்க்கும் உங்களுக்கு இரண்டுமே சிவந்த கண்தான். ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) இல்லாமல் எனக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

"வலியே இல்லையே" என்பதையும் நம்பாதீர்கள். இந்த வைரஸ் கருவிழியை மரத்துப்போகச் செய்யும். பஞ்சு நுனியால் தொட்டால் சிலர் இமைப்பதுகூட இல்லை.

அப்புறம் இன்னொரு கூட்டம். ஸ்டீராய்டு என்று யாரோ பயமுறுத்தியதும், கண் வெளுத்த மறுநாளே நிறுத்திவிடுவார்கள். அழற்சி திரும்பி வரும். வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நடுவில் கண் அழுத்தமும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் வரச் சொல்கிறோம், பீஸுக்காக அல்ல.

நோய் அடிக்கடி திரும்புபவர்களுக்கு வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் 400 மி.கி. மாத்திரை, தினம் இரண்டு வேளை, பல மாதங்களுக்கு எழுதுவோம். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டு சாப்பிட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குத்தான் நோய் திரும்பியது. சாப்பிடாதவர்களில் 32 சதவீதம். தயவுசெய்து பாதியில் விடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் தழும்பு கூடுகிறது. கருவிழி மாற்றினாலும் வைரஸ் நரம்பில்தான் உட்கார்ந்திருக்கும், புதுக் கருவிழிக்கும் வரும்.

ஒரே கண் திரும்பத் திரும்பச் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தாய்ப்பால், பன்னீர் எதுவும் விட வேண்டாம். போட்ட மருந்தின் பாட்டிலைக் கையோடு கொண்டு வாருங்கள், பெயர் நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை. கொஞ்சமாகத்தான் திட்டுவேன்.