ஏ.சி. மாற்ற எவ்வளவு செலவாகும்?

அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கும் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எனக்கும் ஒரே மாதத்தில் ஏ.சி. செத்துப்போனது. அண்ணாவுக்கு வந்த விலை 10,000 டொலருக்கு மேல். முழு வீட்டுக்குமான இயந்திரத்தை மாற்ற அங்கே அது அதிசயமான தொகை இல்லை. எனக்கு ஏ.சி. பூட்டுபவரிடமிருந்து வந்தது ஒரே வரி: “18,000 பி.டி.யு. போடுங்கோ சேர், டக்கெண்டு குளிரும்.” அதைக் கேட்டு அண்ணா போனில் சிரித்தார். “இங்க 43 பாகை அடிக்குது. உங்கட 31 பாகைக்கு எதுக்கடா அவ்வளவு பெரிசு?”

அண்ணாவின் முடிவு சரி, காரணம்தான் பிழை.

ஏ.சி. செய்வது அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவது. மணித்தியாலத்துக்கு எவ்வளவு அள்ளும் என்பதைத்தான் பி.டி.யு. என்கிறார்கள். 12,000 பி.டி.யு. ஒரு டன். ஐஸ்கட்டியால் குளிரூட்டிய காலத்தில் வந்த அளவு இது: 2,000 இறாத்தல் ஐஸ் 24 மணித்தியாலத்தில் உருகி உறிஞ்சும் வெப்பம், மணித்தியாலத்துக்கு 12,000 பி.டி.யு. வரும். நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 3.5 கிலோவாற். இந்த எண் கூடக்கூட இயந்திரத்தின் விலையும் வயரின் தடிப்பும் கூடும். ஆகவே விலை கேட்பதற்கு முன்னர் வெப்பத்தை எண்ண வேண்டும்.

பீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் வெயில் 43 பாகையைத் தாண்டியது. உள்ளே 25 பாகை வேண்டுமென்றால் சுவருக்கு இரு பக்கமும் 18 பாகை வித்தியாசம். சுவர் வழியாக வரும் வெப்பம் அந்த வித்தியாசத்தின் அளவுக்கு வரும். போதாததற்கு, குளிர்ந்த காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள் பல வீடுகளில் கொதிக்கும் கூரைக்கடியில் ஓடுகின்றன. குளிர்கால இரவுக்கு வீட்டைச் சூடாக்கவும் வேண்டும் என்பதால், இரண்டு வேலையையும் பார்க்கும் ஹீற் பம்ப் பலர் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் சேர்ந்துதான் அண்ணாவின் 10,000 டொலர்.

கொழும்பில் சுவருக்கு இரு பக்கமும் வித்தியாசம் ஆறேழு பாகைதான். ஆனால் நம் காற்றுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. 43 பாகையில் 10 வீத ஈரப்பதன் உள்ள பாலைவனக் காற்றில், ஒரு கன மீற்றருக்குச் சுமார் 6 கிராம் நீராவி இருக்கும். 30 பாகையில் 75 வீத ஈரப்பதன் உள்ள நம் காற்றில் அது 23 கிராம். அறைக்குள் சுகமாகப் படுக்க 13 கிராம் அளவில் இருக்க வேண்டும். அப்படியென்றால் யன்னல் இடுக்கால் நுழையும் ஒவ்வொரு கன மீற்றர் காற்றிலிருந்தும் 10 கிராம் நீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். நீராவி நீராகும்போது விடுகிற வெப்பம் கொஞ்சநஞ்சமில்லை. மணித்தியாலத்துக்கு ஒரு லிற்றர் பிழிந்தால், அதற்கு மட்டும் 2,300 பி.டி.யு. போகும்.

(தண்ணீர் ஊற்றி ஓடவிடும் எயார் கூலர் பாலைவனத்தில் அருமையாக வேலை செய்வதும் கொழும்பில் அறையைப் புழுங்க வைப்பதும் இதனால்தான். ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரத்தை ஏற்றுகிறது. காசைக் கொடுத்துப் புழுக்கம் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.)

18,000 பி.டி.யு. போட்டால் என்ன? டக்கென்று குளிரும், உண்மைதான். நாம் வைத்த பாகை வந்ததும் கொம்பிரசர் (காஸை அழுத்தி ஓடவிடும் பம்ப்) நின்றுவிடும். உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருளில் நீர் படிந்து வடிய நேரம் கிடைக்காது. அறை குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். இன்வேர்ட்டர் மெஷின் வேகத்தைக் குறைத்து ஓடும் என்றாலும் அதற்கும் ஒரு கீழெல்லை உண்டு.

என் அறை 12 அடிக்கு 12 அடி, உயரம் 9 அடி. நாங்கள் மூன்று பேர். ஆளுக்கு 100 வாற் வெப்பம். இடுக்கால் வரும் காற்றும் அதன் ஈரமும் 340 வாற் வரை. மேற்குப் பக்க யன்னலில் பின்னேர வெயில் 500. வெளிச்சுவர் இரண்டும் 400. விளக்கு, டிவி 100. மொத்தம் 1,640 வாற், அதாவது 5,600 பி.டி.யு. நாங்கள் இருப்பது மேல்மாடி. கொங்கிரீற் தட்டு வெயிலில் காய்வதற்கு இன்னொரு 800 வாற் போட்டாலும் 8,300 பி.டி.யு.தான். இது குத்துமதிப்பு. ஆனாலும் 9,000 பி.டி.யு. மெஷின் தாராளம். அதே அறை நடுமாடியில் இருந்தால் இன்னும் இலேசு.

அப்புறம் மெஷின் அல்லாத செலவுகள். வெப்பத்தை அள்ளிக்கொண்டு குழாய்க்குள் சுற்றும் காஸ் பழைய மெஷினில் ஆர்-22 என்றால், புதிய ஆர்-32 காஸின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல், எண்ணெயும் வேறு. பழைய செப்புக்குழாயை அப்படியே பாவிக்கலாம் என்பவரிடம் இரண்டு கேள்வி கூடக் கேளுங்கள். மரைன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்து வெளிப்பெட்டியை வைத்தால் உப்புக்காற்று அலுமினியத் தகட்டை அரித்துவிடும். பூச்சுள்ள தகடா என்று பார்க்க வேண்டும். விலைக்கணக்கில் எத்தனை நாள் செல்லுபடி என்பதையும் பாருங்கள். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குத் தாவியபோது, இறக்குமதிச் சாமானுக்கு நேற்றைய விலை இன்று நிற்கவில்லை.

கடைசியில் 9,000 பூட்டினோம். முதல் இரவு தண்ணீர் வடியும் குழாயின் கீழ் ஒரு வாளி வைத்தேன். எட்டு மணித்தியாலத்தில் நாலு லிற்றருக்குக் கொஞ்சம் மேல். அண்ணாவுக்குப் படம் அனுப்பினேன். “என்ர வீட்டில ஒரு கோப்பை நிரம்பாதடா” என்று பதில் வந்தது.