இறுவட்டா, இறுவெட்டா?

இறுவட்டு: பெயர்ச்சொல், இலங்கைத் தமிழ் வழக்கு. ஒலியையோ படத்தையோ தரவையோ எண்களாக்கிப் பதிந்து, லேசர் ஒளியால் வாசிக்கும் தகடு. விட்டம் 120 மி.மீ., தடிப்பு 1.2 மி.மீ., நடுத்துளை 15 மி.மீ. ஆங்கிலத்தில் கொம்பாக்ட் டிஸ்க், பேச்சில் அதன் சுருக்கமான சீடி. தமிழ்நாட்டில் குறுந்தகடு, குறுவட்டு.

திருகோணமலையில் அம்மன் பாடல்கள் வெளியிடும் அழைப்பிதழ்களில் 'இறுவெட்டு வெளியீடு' என்று அச்சாகி வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பாடசாலைத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் அதே பொருளுக்குப் பெயர் இறுவட்டு. கடையில் கேட்டால் "அண்ணை, ஒரு சீடி அடிச்சுத் தாங்கோ." இந்த மூன்றில் எழுதத் தக்கது இறுவட்டு. இறுவெட்டு பிழை, ஆனால் காரணமுள்ள பிழை. பாட்டை எதிலோ 'வெட்டிப்' பதிகிறார்கள் என்ற எண்ணம் பழைய இசைத்தட்டுக் காலத்து எண்ணம். அங்கே உண்மையாகவே ஊசி பள்ளம் வெட்டியது. இறுவட்டில் வெட்டு எதுவும் இல்லை. தொழிற்சாலை வட்டுகளில் உருகிய பொலிகாபனேற் பிளாஸ்டிக்கை அச்சில் அழுத்தி நுண்குழிகளை உண்டாக்குகிறார்கள். அதன் மேல் அலுமினியப் படலம், அதன் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு. கணினியில் நாம் 'அடிக்கும்' வெற்று வட்டிலோ குழிகூட இல்லை. சாயப் படலம் ஒன்றை லேசர் சூடாக்கி ஆங்காங்கே கருக்குகிறது, அவ்வளவுதான்.

சொல்லின் இரண்டாம் பாதியில் சிக்கல் கிடையாது. வட்டம், வட்டில், வட்டு ஒரே குடும்பம். 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று 401ஆம் குறளில் வருவது இந்த வட்டுதான். கட்டம் கீறாமல் வட்டை உருட்டி விளையாடுவதைக் கல்லாதவன் அவையில் பேசுவதற்கு வள்ளுவர் உவமை சொல்கிறார். டிஸ்க் என்பது கிரேக்கத்தில் எறிவட்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. மேசையைக் குறிக்கும் டெஸ்க்கும் உணவுத் தட்டான டிஷ்ஷும் அதே வேரில் கிளைத்தவை. ஆகவே விளையாட்டு வட்டுக்கு விளையாட்டு வட்டையே ஈடாக வைத்தது நல்ல பொருத்தம்.

முதற்பாதியில்தான் வேலை இருக்கிறது. கொம்பாக்ட் என்பதன் இலத்தீன் வேர், ஒன்றோடொன்று இறுக்கிப் பொருத்தியது என்று பொருள்படும். 30 சென்ரிமீற்றர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 22 நிமிடம் அடங்கிய இடத்தில், 12 சென்ரிமீற்றருக்குள் 74 நிமிடத்தை இறுக்கியதால் பெயர் பொருந்துகிறது. இறுவட்டு இந்த வேரைப் பிடித்தது. குறுந்தகடு பார்வைக்குத் தெரியும் சிறுமையைப் பிடித்தது. இரண்டும் தவறில்லை. ஆனாலும் பொருளுக்குள் என்ன நடந்தது என்று சொல்வது இறுவட்டுத்தான்.

இலக்கணக்காரர் ஒரு குறை சொல்லலாம். 'இறுகு', 'இறுக்கு' என்ற வினைகளின் ஈற்றைக் கழித்தால் மிஞ்சும் 'இறு', தனியாக நின்றால் வேறு பொருள் தரும்: முடிதல், முறிதல், வரி இறுத்தல், சேலை இற்றுப்போதல். இறுக்குவட்டு என்றிருந்தால் ஐயம் இல்லை, நாக்குக்கு ஏறியிருக்காது. வேடிக்கை என்னவென்றால், கடற்கரை ஊர்களில் அந்த மற்றப் பொருளும் பலித்துவிடுகிறது. விளிம்பில் அரக்குப் பூச்சு சரியாக மூடாத வட்டுக்குள் ஈரமும் உப்பும் புகுந்து அலுமினியத்தை அரிக்கின்றன. வட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகளாக ஒளி தெரியும். அது இற்றுப்போன இறுவட்டு, மீட்க வழியில்லை.

கீறலைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பளபளக்கும் அடிப்பக்கத்தை எல்லோரும் காக்கிறார்கள், படம் அச்சான மேற்பக்கத்தை மேசையில் தேய்க்கிறார்கள். பதிவு இருப்பது மேற்பக்கத்துக்கு மிக அருகில். அடிப்பக்கம் 1.2 மி.மீ. பிளாஸ்டிக், அங்கே விழும் மெல்லிய கீறலை மினுக்கி எடுக்கலாம், அல்லது கருவியின் பிழைதிருத்தும் கணக்கே சமாளித்துவிடும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். பதிவு நடுவில் தொடங்கி வெளியே சுருளாகச் செல்கிறது, சுருளுக்கும் சுருளுக்கும் 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளி. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் ஒரே தடத்தின் நீளத்துக்கு ஓடும். திருத்தும் கணக்கு அங்கே தோற்கும். வாடைக்காற்றுக் காலத்தில் உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுவது நல்லது. தானே அடித்த வட்டை வெயில் படும் சன்னலோரம் வைத்தால் சாயம் வெளிறிப்போகும்.

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980இல் வரையறையை முடித்து, முதல் கருவி 1982 ஒக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இலங்கையில் பரவலானது மிகப் பிந்தி, அதுவும் பாட்டுக்காக மட்டுமல்ல, படத்துக்காக. வீசீடி என்பது அதே வட்டில் 352×288 புள்ளிப் படத்தை இறுக்கியது. ஒரு வட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் பிடிக்கும், ஆகையால் இரண்டே முக்கால் மணிநேரத் தமிழ்ப் படம் மூன்று வட்டாக வரும். முதலாவது வட்டு முடிந்தால் வீட்டில் இளையவர் எழுந்து மாற்றுவார், தேநீர் வரும். இடைவேளை கதாசிரியர் வைத்த இடத்தில் விழாது, வட்டு தீர்ந்த இடத்தில் விழும். அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் சில படங்களின் கதை இரண்டு பகுதி அல்ல, மூன்று பகுதி.

இதனால்தான் ஒருவர் வாயில் வரும் சொல்லை வைத்து அவர் வளர்ந்த காலத்தை ஓரளவு கணிக்கலாம். இசைத்தட்டு என்பவர் வானொலிக்காரர்; தட்டு அவர் வீட்டில் இருந்திருக்காது, அறிவிப்பாளர் சொல்லக் கேட்ட சொல் அது. கசெற் என்பவர் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையான றெக்கோடிங் பாருக்குத் துண்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் கொடுத்தவர். 60 நிமிட நாடாவில் பக்கத்துக்கு 30 நிமிடம், நாலரை நிமிடப் பாட்டென்றால் ஆறு. ஏழாவதை எழுதினால் பாதியில் அறுந்து நிற்கும். 120 நிமிட நாடா வாங்கினால் மெல்லிய நாடா உருளையில் சுற்றிக்கொள்ளும், பிறகு பென்சிலைச் சில்லில் நுழைத்துச் சுற்றி எடுக்க வேண்டும். பாட்டைத் தாண்டிப் போவது கடினம் என்பதால் வரிசை மனத்தில் பதிந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு பாட்டு முடிந்தவுடன் அந்தக் கசெற்றில் அடுத்து வந்த பாட்டு அவர்களுக்குத் தானாக ஞாபகம் வரும். சீடிக்காரருக்கு இந்தப் பழக்கம் குறைவு, இலக்கத்தை அழுத்தினால் போதும். எம்பி3 வட்டு வந்தபோது ஒரே தகட்டில் 150 பாட்டு. பழைய கருவியில் போட்டால் 'வட்டு இல்லை' என்று காட்டும், ஏனெனில் அதற்குச் சுருக்கிய கோப்பை விரிக்கத் தெரியாது. கைபேசியோடு வளர்பவர்களுக்கு வரிசையைச் செயலி தீர்மானிக்கிறது. இறுவட்டு அவர்களுக்குப் பரீட்சை விடைத்தாள் சொல் மட்டும்.

கசெற்றுக்கும் தமிழ் உண்டு: ஒலிநாடா, ஒலிப்பேழை. கசெற் என்பது பிரெஞ்சில் சிறு பெட்டி, ஆகவே பேழை மிகச் சரி. இருந்தும் அது பேச்சுக்கு வரவில்லை. இறுவட்டும் பேச்சில் சீடியை வெல்லவில்லை, ஆனால் அட்டையிலும் அழைப்பிதழிலும் பாடநூலிலும் இடம் பிடித்துக்கொண்டது.

எழுதும்போது: இறுவட்டை, இறுவட்டில், இறுவட்டுகள். எதுவும் பதியாதது வெற்று இறுவட்டு. கணினிக்குள் இருப்பது வன்தட்டு அல்லது வன்வட்டு. அதைக் குழப்ப வேண்டாம். பாடல்கள் யூடியூப்பில் மட்டும் வெளியாகி, மேடையில் பெற்றுக்கொள்பவர் கையில் வெறும் உறை இருக்கும் நிகழ்வுக்கு இறுவட்டு வெளியீடு என்று அச்சிடுவது பொருந்தாது. 'பாடல் தொகுப்பு வெளியீடு' என்று போடலாம். உறைக்குள் வட்டு இருந்தால் மட்டும் இறுவட்டு, அதுவும் 'வெ' இல்லாமல்.