கம்பேரட்டர் எதையும் அளக்காது

இந்த மாதம் என் மேசைக்கு வந்த மூன்றாவது சோலார் வேலிப் பெட்டி இது, நீலகிரியில் கேத்தி பக்கத்துக் கேரட் தோட்டத்திலிருந்து. மூன்றிலும் ஒரே கோளாறு: ரிலே, அதாவது வேலிக்குக் கரன்ட்டைச் சேர்த்து வெட்டும் ஸ்விட்ச், அதன் பாயின்ட் கருகியிருக்கிறது. "ராத்திரி முழுக்க டக் டக்னு அடிச்சுட்டே இருந்துச்சுண்ணா. விடிஞ்சு பார்த்தா காட்டெருமை உள்ள நிக்குது" என்றார் கொண்டுவந்த தம்பி. மூன்று மாத உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விட்டது.

பேட்டரி இறங்கினால் வேலியை நிறுத்த, அட்மெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குள் இருக்கும் கம்பேரட்டரை, அதாவது இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் பகுதியை, பயன்படுத்தியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். செய்தவரிடம் போனில் பேசினேன். "12.1 வோல்ட்டைக் கரெக்டா அளந்து கட் பண்ணும் சார்" என்றார்.

அளக்காது. இரண்டு முனைகளில் எது பெரிது என்பதை மட்டும் ஏசிஓ என்ற ஒரே பிட்டில் 1 அல்லது 0 என்று சொல்லும். பேட்டரி 12-ல் இருக்கிறதா 9-ல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எண் வேண்டுமென்றால், வோல்ட்டேஜை எண்ணாக மாற்றித் தரும் ஏடிசியிடம் கேளுங்கள். இரண்டும் சமமானால் சும்மா இருக்கும் என்றும் பலர் நம்புகிறார்கள். இருக்காது. அதனிடம் மூன்றாவது பதிலே கிடையாது. சமமாகும் இடத்தில் சில மில்லிவோல்ட் அசைந்தாலும் 1, 0, 1, 0 என்று புரளும். வேலி மெஷின் ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறை துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் பேட்டரி கொஞ்சம் இறங்கி ஏறும். வேலியை நிறுத்தினால் பளு குறைந்து பேட்டரி மேலே வரும், ரிலே மறுபடி சேரும், பேட்டரி மறுபடி இறங்கும். தம்பி கேட்ட டக் டக் அதுதான்.

அந்த 12.1-ஐயும் நம்பாதீர்கள். 100கே, 10கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் போட்டு பேட்டரி வோல்ட்டேஜைப் பிரித்து, சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட்டோடு ஒப்பிட்டால் கணக்கில் 12.1 வரும். ஆனால் அந்த 1.1 என்பது சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறலாம் என்று சிப்பின் விவரக்குறிப்பான டேட்டாஷீட்டே சொல்கிறது. அப்படியானால் 11-லும் வெட்டும், 13.2-லும் வெட்டும். ஒவ்வொரு போர்டையும் பவர் சப்ளையில் மாட்டி, எங்கே வெட்டுகிறது என்று பார்த்துச் சரிசெய்யாமல் வெளியே விடாதீர்கள்.

அப்புறம் ஹிஸ்டெரிசிஸ், அதாவது வெட்டும் வோல்ட்டுக்கும் திரும்பச் சேர்க்கும் வோல்ட்டுக்கும் நடுவே விடும் இடைவெளி. 328பி-யில் அது உள்ளே கிடையாது, நாம்தான் கொடுக்க வேண்டும். சிப்பின் வேறொரு பின்னிலிருந்து 220கே ரெசிஸ்டர் ஒன்றை, 100கே-யும் 10கே-யும் சேரும் இடத்தில் இணையுங்கள். வேலி ஓடும்போது அந்தப் பின் இன்புட்டாக இருக்கட்டும், பின்னை மேலே இழுக்கும் உள் ரெசிஸ்டரான புல்-அப் வேண்டாம். வெட்டியதும் அவுட்புட்டாக்கி லோ-வில் (0 வோல்ட்) வையுங்கள். கணக்குப்படி வெட்டுவது 12.1-ல், திரும்பச் சேர்ப்பது 12.6-ல் என்று ஆகிவிடும். ஏசிஓ மாறியதைச் சொல்லும் இன்டரப்ட் வந்த உடனே ரிலேயைத் தொட வேண்டாம். ஏசிஓ ஐந்து வினாடி மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கரன்ட்டை மிச்சம் பிடிக்க மெகா ஓம் கணக்கில் ரெசிஸ்டர் போடுகிறவர்களுக்கு ஒன்று: நம்ம ஊர் மூடுபனியில் போர்டின்மேல் ஈரம் படிந்து கசியும், கணக்கெல்லாம் மாறிவிடும். பெரிய ரெசிஸ்டர் வேண்டாம், போர்டுக்கு வார்னிஷ் அடியுங்கள்.

தயவுசெய்து அடுத்த பெட்டியை அனுப்பும் முன், பாதி இறங்கிய பேட்டரியில் வேலி மெஷினை மாட்டி ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து ரிலே சத்தத்தைக் கேளுங்கள்.