445 நாள் ஓடிய வருடம்

கி.மு. 46-ஆம் ஆண்டு ரோமில் 445 நாள் நீடித்தது. அந்தப் புத்தாண்டு, அதாவது ஜனவரி 1, பிறகு வந்த திருத்திய நாட்காட்டியைப் பின்னோக்கி நீட்டிக் கணக்கிட்டால், முந்தைய ஆண்டின் அக்டோபர் நடுவிலேயே வந்துவிட்டது. அறுவடை விழா கோடையில் வரவில்லை, திராட்சை விழா இலையுதிர் காலத்தில் வரவில்லை.

ஏன் இப்படி? ரோமானிய ஆண்டுக்கு 355 நாள்தான். பருவத்தோடு ஒட்டிப்போக, சில ஆண்டுகளில் பிப்ரவரியைக் குறுக்கி ஓர் அதிக மாதம் சேர்ப்பார்கள். ஆண்டு 377 அல்லது 378 நாளாகும். எப்போது சேர்ப்பது என்பது பூசாரிக் குழுவின் முடிவு. அந்தப் பூசாரிகள் அரசியல்வாதிகளும்கூட. மாதம் சேர்ந்தால் பதவியில் இருப்பவருக்கு ஆட்சிக்காலம் நீளும், சேராவிட்டால் சுருங்கும். கி.மு. 63 முதல் குழுவின் தலைவர் ஜூலியஸ் சீசர். அவரோ கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் போரிலும், பிறகு உள்நாட்டுப் போரிலும் இருந்தார். சேர்க்க வேண்டிய மாதங்கள் பெரும்பாலும் விடுபட்டன.

அந்த 445 நாள் ஆண்டு தொடங்கியபோது எகிப்தில் அரசி கிளியோபாட்ராவின் 6-ஆம் ஆட்சியாண்டு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஆண்டுக்கு 30 நாள் கொண்ட 12 மாதம், அப்புறம் 5 நாள்; யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாபிலோனில் அது, செலூக்கிய அரச மரபின் தொடக்கத்திலிருந்து எண்ணும் செலூக்கிய ஆண்டு 265. அங்கே 19 ஆண்டுக்கு 7 அதிக மாதம் என்று விதியே இருந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர்களுக்கு அது 183-ஆவது ஒலிம்பியாடின் (ஒலிம்பிக் போட்டிகளை வைத்து எண்ணும் நான்காண்டுச் சுற்றின்) இரண்டாம் ஆண்டு. ரோமிலோ ஆண்டுக்கு எண்கூட இல்லை. சீசரும் லெபிடுஸும் கான்சல்களாக (அந்த ஆண்டின் இரு தலைமை ஆட்சியாளர்களாக) இருந்த ஆண்டு, அவ்வளவுதான். ரோமின் கோளாறு வானியல் தெரியாததால் வந்ததல்ல, விதி இருக்க வேண்டிய இடத்தில் மனிதர்கள் இருந்ததால் வந்தது என்றே நினைக்கிறேன்.

எகிப்தியக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. கால் நாள் விடுபடுவதால் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் நழுவும். எகிப்திய மன்னர் மூன்றாம் தாலமி கி.மு. 238-இலேயே நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டச் சொல்லியிருந்தார்; மக்கள் ஏற்கவில்லை. அதைத்தான் அலெக்சாந்திரிய அறிஞர் சோசிஜெனிஸின் ஆலோசனையோடு சீசர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். முதலில் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டுமே! பிப்ரவரியில் 23 நாள், நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே 67 நாள். 355-உடன் இவற்றைக் கூட்டினால் 445.

கி.மு. 45 ஜனவரி 1-இல் புதிய நாட்காட்டி தொடங்கியது. மறு ஆண்டே சீசர் கொல்லப்பட்டார். 'நான்காம் ஆண்டுதோறும்' என்பதைப் பூசாரிகள் லீப் ஆண்டையே ஒன்றாம் ஆண்டாக வைத்து எண்ணினார்கள். அதனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லீப் வந்தது. 36 ஆண்டில் 9-க்குப் பதில் 12. மிகுந்த மூன்று நாளைக் கழிக்க, 12 ஆண்டுகள் லீப் நாளே வேண்டாம் என்று பிறகு வந்த பேரரசர் அகஸ்டஸ் ஆணையிட வேண்டியிருந்தது.